பி சைடு கடைசிப் பாட்டு

கேசட் ரெக்கார்டிங் சென்டரில் வேலை பார்த்தவனுக்கு ரிட்டயர்மென்ட் என்று தனியாக ஒன்று கிடையாது. கடையே போய்விட்டது. அந்த இடத்தில் செல்போன் விற்றார்கள், இப்போது பிரியாணி விற்கிறார்கள். ஆனால் போன மாதம் பிலோமினா என் வீடு தேடி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபோது, எனக்கு மறுபடியும் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற மாதிரியே இருந்தது.

"அண்ணாச்சி, எனக்கு மூள கொழம்பிப் போச்சா இல்லையான்னு நீங்கதான் சொல்லணும்" என்றார்.

பிலோமினாவின் கணவர் சேவியர் கப்பலில் ஃபிட்டராக இருந்தவர். எண்பதுகளின் கடைசியில் சிங்கப்பூரிலிருந்து ஒரு இங்கிலீஷ் பாப் ஆல்பம் வாங்கிவந்து எங்கள் கடையில் காப்பி போட்டார். பாடியவள் ஒரு பெண். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அவளுக்காகச் சண்டைக்கு வர தூத்துக்குடியில் இன்னும் ஆள் இருக்கிறது. ஏ சைடு முதல் பாட்டு கல்யாண வீடு, துறைமுகக் கேன்டீன் என்று எங்கே பார்த்தாலும் ஓடியது. பி சைடை யாரும் சீண்டவில்லை, இந்த இருவரைத் தவிர. ஒரிஜினல் கேசட் சேவியரோடு கப்பலுக்குப் போகும். காப்பி பிலோமினாவிடம் இருக்கும். ஞாயிறு சாயந்தரம் ஜெபமாலை முடிந்ததும் இருவரும் அவரவர் இடத்தில் பி சைடு கடைசிப் பாட்டைக் கேட்க வேண்டும் என்பது அவர்களுக்குள் பேச்சு. கப்பல் நிற்கிற நாட்டில் அப்போது சாயந்தரமா, விடியற்காலையா என்பதெல்லாம் அவர்கள் பாடு.

இப்போது மகள் ஜெனி அந்த ஆல்பத்தைப் போனில் தேடி எடுத்துப் பெற்றோருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறாள். அங்கேதான் வினை.

"கடைசிப் பாட்டுல ஒரு ஆம்பள விசிலடிச்சிட்டுப் பாடுவான்லா, அது எங்கன்னு கேட்டேன். 'ஏளா, பாடுதது பொம்பள, அதுல ஆம்பள எங்கேருந்து வந்தான்?'னு அவுக சிரிக்காக. ஏற்கெனவே கண்ணாடிய எங்கயோ வச்சிட்டுத் தேடுதேன், அடுப்ப அணைக்க மறந்துருதேன்னு பேச்சு. இப்ப இதும் சேந்துட்டு. திருநெல்வேலில நரம்பு டாக்டர்ட்ட காட்டணும்னு சொல்லுதா ஜெனி. இல்லாத பாட்ட இத்தன வருசமாக் கேட்டுருந்தா அது கிறுக்குதான, அண்ணாச்சி?"

கேட்கும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த விசிலோ என் காதிலும் இருந்தது. அவருக்குக் கிறுக்கென்றால் எனக்கும் கிறுக்கு. நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

மருமகளின் போனை வாங்கி முழு ஆல்பத்தையும் கேட்டேன். விசிலும் இல்லை, ஆம்பளையும் இல்லை. இன்னொரு குழப்பம், பாதிப் பாட்டுகள் எனக்குப் புதிதாக இருந்தன. எத்தனையோ பேருக்குக் காப்பி போட்டுக் கொடுத்த ஆல்பம் இது. ரெக்கார்டிங் லெவல் முள் சிவப்பைத் தொடுகிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை, காதுக்கு அங்கே சோலி இல்லை. வெறும் தாளத்தோடு ஒரு பாட்டு, ஜலதோஷம் பிடித்த குரலில் ஒரு பாட்டு. யாரும் பேசாத இந்தப் பாட்டுகள்தான் நன்றாக இருந்தன. அப்போது தெரியாமல் போயிற்றே என்று வருத்தமாகவே இருந்தது.

மறுநாள் காலையில் இரண்டாம் தடவை போட்டேன். கடைசிப் பாட்டு மெல்லத் தேய்ந்து முடிகிற நேரத்தில் என் விரல் தானாக மேஜையை ஒரு தட்டுத் தட்டியது. அது ஓடுகிற ரெக்கார்டிங்கை நடுவில் நிறுத்திவைக்கும் பாஸ் பட்டனை அழுத்துகிற தட்டு.

அங்கேதான் பிடி கிடைத்தது. அறுபது நிமிஷ கேசட்டில் ஆல்பத்தைப் போட்டால் பக்கத்துக்குக் கொஞ்சம் டேப் மிஞ்சும். சும்மா விட எங்கள் முதலாளிக்கு மனசு வராது. "ஏலே, வெறும் டேப் ஓடுனா மெஷின் ரிப்பேர்னு திருப்பிக் கொண்டாந்துருவான். எதயாவது போட்டு ரொப்பு" என்பார். பாஸ் போட்டு, காப்பி எடுக்கிற மாஸ்டர் கேசட்டைக் கழற்றி, இங்கிலீஷ் ஆல்பங்களுக்கென்று வைத்திருந்த லேபிள் இல்லாத டேப்பைச் செருகி ஒரு பாட்டை ஏற்றுவோம். விசிலடிக்கிறவன் அந்த டேப்பில் இருந்தவன். அவன் யார், எந்த நாட்டுக்காரன் என்று அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது.

நேரே அவர்கள் வீட்டுக்குப் போய் மூவரையும் உட்கார வைத்து விவரத்தைச் சொன்னேன். பிலோமினா சிலுவை போட்டுக்கொண்டார்.

"பாட்டு சரி மாமா, அந்த கேஸ் அடுப்பு?" என்றாள் ஜெனி.

"அது ஒங்கப்பா காப்பி போட்டுட்டு அணைக்காதது. ஒரு நாளாவது கேட்டியா?" என்றார் பிலோமினா. சேவியர் ஃபேனைப் பார்த்தார்.

"ஒருத்தருக்கு ஞாபகம் தப்புன்னு சொல்லுததுக்கு முந்தி, அவுக கையில இருந்தது எந்தக் கேசட்டுன்னு கேக்கணும்மா" என்று ஜெனியிடம் சொன்னேன். நான் தொழிலில் கற்றது என்று எழுதினால் இதைத்தான் எழுதலாம். டாக்டர் பேச்சு அத்தோடு நின்றது. என் வேலை முடிந்தது என்று எழுந்தேன்.

சேவியர் எழவில்லை. "அப்ப அவ்வளவு வருசமும் நான் ஒரு பாட்டு கேட்டேன், இவ வேற பாட்டு கேட்டாளா?"

உதவி செய்ய வந்தேனா, நல்லா இருந்ததைக் கெடுக்க வந்தேனா என்று எனக்கே விளங்கவில்லை. அவர் போனை எடுத்துத் தன்னுடைய கடைசிப் பாட்டைப் போட்டார். பிலோமினா கொஞ்ச நேரம் கேட்டார்.

"இதயா கேட்டிய? விசில் பாட்டு சீக்கிரம் வரணும்னு இத நான் ஓட்டி விட்டுருவேனே!"

சேவியர் பாட்டை நிறுத்தப் போனார். பிலோமினா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மொதல்லேருந்து போடுங்க. கேக்கேன்."