மிஸ்ஸிக்கு முன் பத்தொன்பது நாள்

அஃப்சருன்னிசாவின் முன்பற்கள் பழுப்பு என்பது பதினொரு வயது வரை அவளுக்கே தெரியாது. அவள் பிறந்தது நெல்லூர் ஜில்லாவில் ஒரு மைக்காச் சுரங்கத்து ஊரில். தகப்பனார் மெஹபூப் பாஷா அந்தச் சுரங்கத்தில் காவல் வேலை பார்த்தார். ஊருக்கு ஒரே கிணறு. அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகள் எல்லாருக்கும் பல் ஒரே மாதிரிதான்: மேலே சுண்ணாம்புத் திட்டு, நடுவில் புளியங்கொட்டை நிறத்தில் ஒரு பட்டை. எல்லாருக்கும் இருந்ததால் அது யார் கண்ணிலும் படவில்லை. அண்ணன் ஷரீஃபுக்கு மட்டும் அங்கே போகும்போதே எட்டு வயது தாண்டி, முன்பற்கள் விழுந்து முளைத்து முடிந்திருந்தன. அவன் பல் வெள்ளை. அந்த ஊர்ப் பிள்ளைகள் கேலி செய்தது அவனைத்தான்.

1926-ல் தகப்பனார் காலமானார். தாயார் ஹாஜிரா பீ இரண்டு பிள்ளைகளோடு சைதாப்பேட்டைக்கு வந்து சேர்ந்தார். வந்த மறுநாள் தெருக்குழாயடியில் ஒரு பெண் அஃப்சரின் வாயை உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னா, மண்ணு துன்னியா?" என்று கேட்டாள். அன்று வீட்டுக்கு வந்து தகரப் பெட்டியின் மூடியில் ஒட்டியிருந்த சின்னக் கண்ணாடியில் தன் பல்லை முதல் தடவையாகப் பார்த்தாள். பிறகு ஒரு மாதம் சாம்பலும் செங்கல் பொடியும் வைத்துத் தேய்த்தாள். ஈறில் ரத்தம் வந்ததே தவிர நிறம் இம்மியும் மாறவில்லை.

படிப்பு நான்காவதோடு நின்றது. ஆனால் அவள் கையில் ஊசி பேசியது. தியாகராய நகரில் புதிதாக எழும்பிய வீடுகளுக்குத் துணி தைத்துக் கொடுக்கும் ஒரு கடைக்காக, வீட்டிலிருந்தபடியே காஜா எடுத்துக் கொடுத்தாள். ஒரு சட்டைக்கு ஏழு காஜா. ஏழும் ஒரே அளவு. கடைக்காரர் அவள் எடுத்த காஜாவைத் தனியாக வைத்து, பெரிய வீட்டுத் துணிகளுக்கு மட்டும் கொடுப்பார். பாராட்டைக் கேட்டால் உதட்டை மூடிக்கொண்டே சிரிப்பாள்.

1935 மார்ச் கடைசியில் ராயப்பேட்டையிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை குலாம் முகம்மது ஒரு அத்தர் கடையில் விற்பனையாளர். குணம் தங்கம் என்று நாலு பேர் சொன்னார்கள். பெண் பார்க்க வந்தவர் அவருடைய தாயார் ஜஹீதா. கூடவே அவர் மகள், பதினாறு வயது ஷகீலா. ஜஹீதா அஃப்சரின் தையலைப் பார்த்தார், நடையைப் பார்த்தார், குர்ஆனில் ஒரு பக்கம் ஓதச் சொல்லிக் கேட்டார். எல்லாம் பிடித்திருந்தது. கடைசியில் ஒரு கல்கண்டை எடுத்துப் பெண்ணின் வாயில் வைத்தார். கடிக்காமல் தீராது. அவள் கடித்தாள்.

ஜஹீதாவின் கை அப்படியே நின்றது.

"பொண்ணுக்கு மிஸ்ஸி எப்போ வெச்சீங்க?" என்று மெல்லக் கேட்டார்.

அந்தக் கேள்வியின் கனம் அறையிலிருந்த எல்லாருக்கும் தெரிந்தது. மிஸ்ஸி கறுப்புப் பொடி. மாசிக்காய், இரும்புத்தூள், மயில்துத்தம் சேர்த்து இடிப்பது. உருது பேசும் குடும்பங்களில் நிக்காஹ்வுக்கு முந்தின நாள் சொந்தக்காரப் பெண்கள் கூடி உட்கார்ந்து மணப்பெண்ணின் பல்லில் அதை முதன்முதலாகத் தேய்ப்பார்கள். பிறகு புருஷன் உயிரோடிருக்கும் வரை வியாழக்கிழமைதோறும் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். கன்னிப்பெண் அதைத் தொடுவதில்லை. பல்லில் பழைய கறுப்பு இருக்கிறது என்றால், அந்தப் பெண் ஏற்கெனவே ஒரு வீட்டுக்குப் போய்த் திரும்பியவள் என்று அர்த்தம்.

ஹாஜிரா பீ சத்தியம் செய்தார். கிணற்றுத் தண்ணீர் என்றார். ஊர்ப் பேரைச் சொன்னார். ஜஹீதா நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. முஹர்ரம் வருகிறது, அதற்குப் பின் ஸஃபர் மாதத்தில் ஆகாத முதல் பதின்மூன்று நாள். அதுவரை கல்யாணப் பேச்சுக்கு இடமில்லை. தண்ணீரால் வந்தது என்றால் டாக்டரிடம் காட்டினால் போகும்தானே, பதின்மூன்று கழிந்து நாலாம் நாள் நிக்காஹ் வைக்கலாம், அதற்கு முன் பெண்ணின் பல் வெள்ளையாக இருக்க வேண்டும் என்றார். "மிஸ்ஸிக்கு எங்க தெருவே வந்து உட்காரும். எல்லார் கண்ணும் பல் மேலதான் இருக்கும். நான் யாருக்குன்னு பதில் சொல்லுவேன்?" என்று எழுந்தார். வாசலில் ஷகீலா மட்டும் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அன்றிரவு அஃப்சர் சாப்பிடவில்லை. சம்பந்தம் தவறுவது வேறு. இந்தப் பேச்சு ராயப்பேட்டையில் ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போனால் அவளுக்கு இனி எந்த வீடும் கிடையாது. அது அவளுக்கு அண்ணனைவிடத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

ஷரீஃப் அச்சகத்தில் பைண்டிங் வேலை செய்தான். அரை நாள் லீவு போட்டு அவளை லஸ்ஸுக்கு, டாக்டர் சுப்புராயனிடம் கூட்டிப்போனான். அவர் சீமையில் படித்தவர். நிறைய நேரம் பார்த்தார். பல்லைச் சின்னக் கம்பியால் தட்டிக் கேட்டார்.

இது அழுக்கில்லை, பல் விளையும்போதே உள்ளே இறங்கின நிறம் என்றார். பல் கெட்டி, ஒரு சொத்தை கிடையாது, இந்தப் பட்டணத்தில் இருபது வயதுப் பெண்ணுக்கு இப்படிப் பல் பார்ப்பது அபூர்வம் என்றார். வேண்டுமானால் ஒவ்வொரு பல்லையும் சுற்றிச் செதுக்கிப் பீங்கான் உறை போடலாம். ஆறு பல்லுக்கு நாலு மாதமாகும். அதற்கான செலவு ஷரீஃபின் ஓராண்டுச் சம்பளத்தைத் தாண்டியது. ஆசிட் வைத்து எடுப்பார்களாமே என்று ஷரீஃப் கேட்டான்.

"எடுக்கறவங்க இருக்காங்க. வெள்ளையாவும் ஆகும். நான் செய்யறதில்லை," என்றார் டாக்டர். பிறகு அஃப்சரைப் பார்த்து, "விட்டுடும்மா. இதால உனக்கு ஒரு நாளும் வலி வராது," என்றார்.

அடுத்தது சைதாப்பேட்டை கோர்ட்டுப் பக்கம் பல்செட் கட்டுகிறவர். மேலே ஆறையும் பிடுங்கிவிட்டால் பத்தே நாளில் முத்து மாதிரி ஒரு செட் தருவதாகச் சொன்னார். தன் செட்டையே கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அதற்குப் பின் அவர் பேசியது ஒன்றும் விளங்கவில்லை. ஷரீஃப் சிரிப்பை அடக்க இருமினான். அஃப்சர் சிரிக்கவில்லை. நல்ல பல்லைப் பிடுங்கிப் போட அவளுக்கு மனம் வரவில்லை. செட் கழன்றால் அதுவும் ஒரு பேச்சாகும்.

மூன்றாவது ஆள் சாந்தோமில் காஸ்பர். ஒரு வெள்ளைக்காரப் பல் டாக்டரிடம் இருபது வருஷம் கம்பவுண்டராக இருந்து, அவர் சீமைக்குப் போனதும் தன் வீட்டு முன்னறையில் நாற்காலி போட்டவர். மாதா கோயிலுக்குப் பின்னால் வீடு; கடல் இரைச்சல் உள்ளே வரை கேட்டது. உப்புத் திராவகத்தில் பழுப்பை எடுப்பதை டாக்டர் கையாலேயே பார்த்ததாகவும், தானே முப்பது பேருக்கு மேல் செய்ததாகவும் சொன்னார். ஒரே நாள் வேலை. கூலியும் கைக்கு எட்டியது.

ஷரீஃப் தயங்கினான். லஸ் டாக்டர் முகம் அவன் மனசை விட்டுப் போகவில்லை. முடிவு செய்தது அஃப்சர்தான். காலண்டரில் நாளை எண்ணிப் பார்த்து, "இவர்கிட்டயே செய்துக்கறேன், பாய்," என்றாள்.

செய்த அன்று நிக்காஹ்வுக்கு இருபது நாள் இருந்தது. மிஸ்ஸிக்குப் பத்தொன்பது.

காஸ்பர் ஒழுங்காகவே வேலை செய்தார். ஈறு முழுக்க மெழுகு பூசினார். வெத்தலை போடுவாயா, பல்பொடி எதுவும் உண்டா என்று கேட்டார், இல்லை என்றாள், அது உண்மை. குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றித் திராவகத்தில் தோய்த்து ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தார். புகை மாதிரி ஒரு காரம் மூக்கில் ஏறியது. சோடா உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார். கண்ணாடியை நீட்டினார். நான்கு பற்கள் வெள்ளை. நடுப்பற்கள் இரண்டில் மட்டும் மங்கலாக ஒரு கோடு.

இதற்கு மேல் வேண்டாம், போதும் என்றார் காஸ்பர். அஃப்சர் நாற்காலியை விட்டு எழவில்லை. ஜஹீதாவின் கண் அந்த இரண்டு பல்லில்தான் போய் நிற்கும். இன்னொரு தடவை என்று கேட்டாள். அவர் ஷரீஃபைப் பார்த்தார். ஷரீஃப் தங்கையைப் பார்த்தான்; வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டாவது தடவை ஆறு பல்லிலும் ஒரே சீராக வர வேண்டும் என்று எல்லாவற்றையும் தேய்த்தார் காஸ்பர். கோடு போயிற்று.

கிளம்பும்போதுதான் அவர் சொன்னார்: "மூணு மாசம் ஜாக்கிரதையா இரும்மா. புளி, வெத்தலை, எந்தப் பொடியும் கிட்ட போவக்கூடாது. பல்லு இப்போ வாயத் தொறந்துகினு கீது. இன்னா குடுத்தாலும் குடிச்சிரும்."

சைதாப்பேட்டை வீட்டு வாசலில் வந்துதான் ஷரீஃப் வாய் திறந்தான். மிஸ்ஸி வேண்டாம் என்று அந்த வீட்டுக்குச் சொல்லி அனுப்புகிறேன், டாக்டர் கூடாதென்றார் என்று சொன்னால் போகிறது என்றான்.

"மிஸ்ஸி வேணாம்னு எந்தப் பொண்ணு வீட்டுல சொல்லுவாங்க, பாய்?" என்றாள் அஃப்சர். "ஏற்கெனவே வெச்சவ வீட்டுலதான் சொல்லுவாங்க."

விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து மிஸ்ஸி போல வைத்துவிடலாமா என்று அடுத்த நாள் கேட்டான். மிஸ்ஸி மாப்பிள்ளை வீட்டிலிருந்துதான் வரும். தேய்ப்பதும் அவர்கள் கைதான். ஹாஜிரா பீயிடம் இருவரும் எதுவும் சொல்லவில்லை. தாயார் மகளின் வெள்ளைப் பல்லைப் பார்த்துப் பார்த்து அழுதுகொண்டிருந்தார்.

பத்தொன்பது நாளும் அவள் ஆறிய கஞ்சியும் பாலும் மட்டும் சாப்பிட்டாள். குளிர்ந்த தண்ணீர் பட்டால் கண்ணில் நீர் வந்தது. வாயைத் திறந்து மூச்சு விட்டால் காற்றே கூசியது. ஒரு நாள் நூலைப் பல்லால் கடித்தபோது நடுப்பல்லின் ஓரத்தில் மாவு மாதிரி ஏதோ நாக்கில் பட்டது. துப்பிப் பார்த்தாள். வெள்ளைத் தூள்.

மிஸ்ஸி நாளன்று ராயப்பேட்டையிலிருந்து பதினேழு பெண்கள் வந்தார்கள். ஜஹீதா முதலில் பெண்ணின் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். ஆறு பல்லையும் பார்த்தார். பிறகு சுற்றி இருந்தவர்களும் பார்க்கும்படி தள்ளி உட்கார்ந்தார். "மாஷா அல்லாஹ்" என்று ஒரு கிழவி சொன்னாள். ஜஹீதாவின் முகம் அன்றுதான் மலர்ந்தது. தன் வெள்ளிச் சிமிழைத் திறந்து, விரலில் பொடியை எடுத்து, மருமகளின் பல்லில் தானே தேய்த்தார்.

வலி பல்லில் தொடங்கிக் கண்ணுக்குப் பின்னால் போனது. அஃப்சர் தன் தொடையை நகத்தால் பிடித்துக்கொண்டாள். பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். கண்ணீர் வந்தது, தாய்வீட்டைப் பிரியும் பெண் அழுவது வழக்கம்தானே என்று யாரோ முதுகைத் தடவினார்கள். ஷரீஃப் வெளியே, கதவுக்கு அந்தப் பக்கம், பாட்டு முடியும் வரை நின்றிருந்தான். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை.

மற்றப் பெண்களுக்கு மிஸ்ஸி இடுக்கில் கோடாக நிற்கும். அஃப்சருக்கு மறுநாள் காலையில் ஆறு பல்லும் முழுக்கக் கறுத்திருந்தன. தேய்த்தாலும் போகவில்லை. நிக்காஹ்வுக்கு வந்தவர்கள், இவ்வளவு நன்றாகப் பிடித்த மிஸ்ஸியை இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை என்று ஜஹீதாவை மெச்சினார்கள்.

குலாம் முகம்மது நல்ல மனிதர்தான். ஆனால் வியாழக்கிழமை தாயாரின் பொறுப்பு. வாரம் தவறாமல் அந்தச் சிமிழ் வெளியே வந்தது. அஃப்சர் வாயைத் திறந்தாள். ஏழாவது வாரத்தில் இடது ஓரப்பல் பாதி உடைந்தது. அதைத் துணியில் முடிந்து வைத்தாள். எலும்பைக் கடித்ததில் உடைந்தது என்று மாமியாரிடம் சொன்னாள்; உண்மையைச் சொன்னால் திராவகத்தைச் சொல்ல வேண்டும். டாக்டர் கழுவினார் என்று மட்டும்தான் அந்த வீட்டுக்குத் தெரியும். யார், எதை வைத்து என்று யாரும் கேட்கவில்லை. கேட்காதவரை நல்லது என்று இருந்தாள்.

செப்டம்பரில் ஷகீலாவைப் பெண் கேட்டு வந்தார்கள். ஷகீலாவின் பல் கொஞ்சம் மஞ்சள், அவ்வளவுதான். அன்று ஜஹீதா மருமகளைக் கூப்பிட்டு, உன் பல்லைக் கழுவினவரிடம் இவளை நாளைக்கே கூட்டிப் போ, உனக்கு எவ்வளவு வெளுப்பாக எடுத்தார் என்றார். ஷகீலா அதற்குள் வெளியே போகப் புர்க்காவை எடுத்து வைத்துவிட்டாள். "வலிக்குமா, பாபி?" என்று அண்ணியின் காதோரம் கேட்டாள்.

அஃப்சர் உள்ளே போனாள். துணி முடிச்சைக் கொண்டுவந்து மாமியாரின் முன்னால் அவிழ்த்தாள். உடைந்த துண்டு கரித்துண்டு போல இருந்தது. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, உதட்டைத் தூக்கி, நடுப்பல்லின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். உதிர்ந்தது. ஷகீலா பின்வாங்கி நின்றாள்.

"திராவகம், அம்மீ," என்றாள் அஃப்சர். "வெள்ளை பத்தொன்பது நாள் இருந்தது. அவளுக்கு வேணாம்."

ஜஹீதா அந்தத் துண்டைக் கையில் எடுக்கவில்லை. மருமகளின் முகத்தைப் பார்த்தார். ஆரம்பத்தில் கேட்ட அதே மெல்லிய குரலில் கேட்டார்:

"இன்னும் எதையெல்லாம் கழுவிட்டு இந்த வீட்டுக்கு வந்தே?"

திராவகம் வைத்து அழித்தது பழைய மிஸ்ஸியைத்தான் என்று மாமியார் முடிவு கட்டிவிட்டது அவளுக்குப் புரிந்தது. என்ன சொன்னாலும் அந்த வீட்டில் இனி எடுபடாது. ஷகீலா சாந்தோமுக்குப் போகவில்லை. அந்த வாரத்திலிருந்து ஜஹீதா சிமிழை மருமகளுக்காக எடுக்கவில்லை; தன் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். மருமகளை எதற்கும் பக்கத்தில் உட்காரச் சொல்வதும் நின்றுபோயிற்று. ஷரீஃப் வெள்ளிக்கிழமைகளில் வந்து பார்ப்பான். 1938-க்குள் அவளுக்கு அந்த ஆறு பற்களில் நாலு போய்விட்டன; மற்ற இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. அவளை வருகிறவர்களுக்கு அறிமுகம் செய்யும்போது ஜஹீதா பேரை மட்டும் சொல்லுவார். மருமகள் என்று சொல்வதில்லை.