ஒரு காலாவது தரையில்

துணி வெட்டும் மேசையின் அந்தப் பக்கத்துக்கு நீலச் சாக்பீஸ் உருண்டு போய்விட்டது. என்னைப் பார்க்க பனியன் கம்பெனிக்கு வந்திருந்த தம்பி, "நீங்க இருங்கண்ணா, நான் எடுக்கறேன்" என்றான்.

அந்த நீலத்தைப் பார்த்தாலே எனக்கு 1960களில் அப்பா ஸ்னூக்கர் ஆடிய கிளப் நினைவுக்கு வந்துவிடும். ஞாயிறு காலையில், ஆட்டத்தில் புள்ளி எண்ணும் மார்க்கர் ஆட்டமேசையின் பச்சைத் துணிக்கு இஸ்திரி போடுவார். சூடான கம்பளி வாசமும் அப்பாவின் சிகரெட்டு வாசமும் கலந்து வரும். அப்பா வேட்டியை மடித்துக் கட்டி, கோல் நுனியில் நீலச் சாக்கைத் தேய்த்து என்னிடம் கொடுப்பார். பந்தை அடிக்க மேசைமேல் வயிற்றை வைத்து எட்டுவேன்.

"ஒரு காலாவது தரையில இருக்கோணுங்க. ரெண்டும் தூக்கிருச்சு. ஃபவுலுங்க" என்று என்னிடம் சொல்வார் மார்க்கர்.

தம்பி என்னைவிட இரண்டு வயது இளையவன், ஒரு சாண் உயரமானவன். அவன் கால் ஒருநாளும் எழும்பவில்லை.

"சின்னவன் ஆடட்டும். நீ வளந்துட்டு வா கண்ணு" என்றார் அப்பா. நான் வளரவே இல்லை.

தம்பிக்கு ஆட்டமே பிழைப்பானது. கல்கத்தா, பம்பாய் என்று போய்க் கோப்பைகளாகக் கொண்டுவந்தான். அவற்றைப் புளி போட்டுத் தேய்த்தபடி, "ஊட்டுல வெக்க எடமில்லீங்க" என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் அலுத்துக்கொள்வாள். நான் வாங்கிப்போட்ட தையல் மெஷின்களைப் பற்றி அவள் அப்படி அலுத்துக்கொண்டதே இல்லை.

இப்போது தம்பிக்கு எழுபது தாண்டிவிட்டது, முதுகும் கூனிவிட்டது. சாக்பீஸை எடுக்க மேசைமேல் சாய்ந்து கையை நீட்டினான். நான் சட்டென்று குனிந்து அவன் கால்களைப் பார்த்தேன்.

இரண்டும் தரையில் இருந்தன.