சொந்த நெருப்பில்லாத கோபுரம்

எஃகு உருக்கும் கொட்டகையில் தம்பிக்கு வேலை. அதை ஒட்டி நிற்கும் சுண்ணாம்புக் கோபுரத்தில் அக்காவுக்கு. அவன் உலையிலிருந்து கிளம்பும் சூட்டுப்புகை, இரும்புத் தூசியையும் அள்ளிக்கொண்டு பருத்த குழாய் வழியாக அவள் கோபுரத்துக்குள் நுழையும். உள்ளே நிறைந்திருக்கும் சுண்ணாம்புக்கற்கள் தூசியைப் பிடித்துக்கொண்டு அந்தச் சூட்டிலேயே வேகும். வெந்த சுண்ணாம்பு, இரும்பின் கசடைப் பிரிக்க அதே உலைக்குப் போகும். கோபுரத்துக்கென்று தனி அடுப்பு கிடையாது.

"நாங்க தின்னு மீந்ததுலதான் உன் பொழப்பே ஓடுது" என்பான் தம்பி.

"போடா! நீ ஊதித் தள்ளுற புழுதியை எல்லாம் பிடிச்சு வெக்கிறவளே நான்தான்."

உண்மைதான். கோபுரம் வந்த பிறகுதான் தெருவில் காயும் துணிகளில் செந்தூசி படியாமல் போனது. புருஷன் போனபின் அவளைத் தம்பி வீட்டில் கையேந்தவிடாமல் காத்ததும் அதே கோபுரம்தான்.

பிறகு ஆர்டர் குறைந்தது. உலையை அணைத்தார்கள்.

"கல்லையெல்லாம் இறக்கிடும்மா. அரைவேக்காட்டுல உள்ள கிடந்தா ஈரத்தை இழுத்து உப்பிடும்" என்றார் ஃபோர்மேன்.

அவள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தாள். காலிக் கோபுரத்தைப் பூட்டத்தான் தோன்றும், திறக்க யாருக்குத் தோன்றும்?

"உள்ள இன்னும் சூடு இருக்கு சார். கொஞ்சம் பொறுங்க, உலையை மறுபடி பத்தவெச்சிருவாங்க."

"என்னமோ பண்ணு" என்று போய்விட்டார்.

திறப்புகளையெல்லாம் இறுக மூடினாள். குழாய் மூட்டுகளில் களிமண் அப்பினாள். தினமும் கோபுரத் தகட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள், காய்ச்சல் பிள்ளையைத் தொடுவதுபோல. காய்ச்சல் இறங்கிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்ட தாய் அவள் ஒருத்திதான். ஆனாலும் இறங்கியது. அப்புறம் மழை பிடித்துக்கொண்டது, மூட்டுகளில் அப்பிய களிமண்ணைக் கரைத்தது.

மழை விட்ட காலையில் தம்பி ஓடிவந்தான். "அக்கா, உலையைப் பத்தவெச்சாச்சு! கிளம்பு!"

அடிக்கதவைத் திறந்தார்கள். ஒரு கல்கூட விழவில்லை. தம்பி கடப்பாறையால் குத்திப் பார்த்தான், கை அதிர்ந்ததுதான் மிச்சம். ஈரம் குடித்து உப்பிய சுண்ணாம்பு, இரும்புத் தூசியோடு சேர்ந்து ஒரே பாறையாக இறுகிக் கிடந்தது.

"இறக்கச் சொன்னேனேம்மா" என்றார் ஃபோர்மேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"எங்க வீட்டுக்கு வந்துரு, அக்கா" என்றான் தம்பி. பழைய கேலி அவன் வாயில் வரவில்லை. வந்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பாள்.

குழாயை அடைத்தார்கள். புகை பழையபடி வானத்துக்குப் போனது. மறுநாள் எதிர்வீட்டுக்காரி போர்வையை உதறினாள். செந்தூசி பறந்தது.

"என்னக்கா, உங்க கோபுரம் தூங்குதா?"

"ஆமா" என்றாள். காய்ந்துகொண்டிருந்த தன் துணிகளை எடுக்காமலே கதவைச் சாத்திக்கொண்டாள்.