சம்பள நாளில் தொடங்கும் மாதம்

லாரியின் முன்கண்ணாடி ஓரத்தில் ஒரு பால் டின்னில் வளர்ந்த மிளகாய்ச் செடிதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. டின் உருண்டுவிடாமல் இருக்க இரண்டு பக்கமும் பழைய டயர் ரப்பரை வெட்டிச் செருகியிருந்தார் அண்ணன். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அவர் கை தானாகப் போய்ச் செடியைப் பிடித்துக்கொள்ளும். "மெதுவாலா டிரைவரே, புள்ளத்தாச்சி மாதிரி இருக்கு" என்பார். அதில் ஒரே ஒரு பூ பூத்திருந்தது. அது காயாவதற்குள் மாதம் முடிந்துவிட்டது.

லாரியில் டிரைவருக்குத் துணையாகப் போகிறவரை இங்கே மலேசியாவில் கெலிண்டான் என்போம். தார்ப்பாய் கட்டுவது, வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கீழே நின்று கைகாட்டுவது, எடை மேடையில் சீட்டு வாங்குவது எல்லாம் அவர் வேலை. சிம்பாங் பூலாய் குவாரியில் கல் ஏற்றி, சித்தியவானில் கொட்டிவிட்டு, மாலையில் லகாட்டில் இருக்கும் முதலாளியின் கொட்டகைக்குத் திரும்புவோம். பல வருடம் அண்ணன் கெலிண்டானாகவும் நான் டிரைவராகவும் ஒரே வண்டியில் இருந்தோம். வயதில் அவர் மூத்தவர். என்னைத் தம்பி என்று கூப்பிட்டிருக்கலாம், ஆனால் கடைசி வரை டிரைவரே என்றுதான் கூப்பிட்டார். நான் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். வாயைத் திறக்காதவன் என்ற பெயரை அதற்குள்ளேயே வாங்கியிருந்தேன். வண்டியில் எனக்கும் சேர்த்து அண்ணனே பேசிவிடுவார்.

அந்தச் செடிக்குக் காரணம் குடி. அண்ணன் நன்றாகக் குடித்தவர். சம்சு என்கிற மலிவுச் சாராயம். பேத்தியின் பிறந்தநாளன்று குடித்துவிட்டுப் போய், கேக் வைத்திருந்த மேசையோடு சாய்ந்துவிட்டார். மறுநாள் மகள் அவரை வாசலிலேயே நிறுத்திச் சொன்னாளாம்: "ஒரு வருஷம் குடிக்காம இருந்துட்டு வாங்கப்பா. அப்புறம் இது உங்க வீடு. அதுவரைக்கும் வராதீங்க." மகள் வீடு சிம்பாங் பூலாயில், நாங்கள் குவாரிக்குத் திரும்பும் முனைக்குச் சற்று முன்னால். தினமும் அந்த வீட்டுச் சந்து முனையைத் தாண்டும்போது அவர் எதிர்ப்பக்கம் திரும்பி மலையைப் பார்ப்பார். நான் ரோட்டைப் பார்ப்பேன்.

ஒரு வருடம் என்று நினைத்தாலே அவருக்குத் தொண்டை காய்ந்துவிடுமாம். ஒரு மாதம் என்றால் முடியும் என்று தோன்றியது. அதனால் மாதத்துக்கு ஒரு புது வேலையைக் கையில் எடுப்பது என்று அவரே முடிவு செய்தார். சம்பளத்துக்கு உதவாத வேலை, சும்மா ஆசைக்குச் செய்வது. எங்கள் முதலாளி சம்பளத்தை மாதக் கடைசியில் காலையிலேயே கையில் கொடுத்துவிடுவார். அன்று முழுக்க அந்தக் காசு சட்டைப் பையில் சூடாக இருக்கும். திரும்பி வரும் வழியில் லகாட்டுக்கு முன்னால் அவர் வழக்கமாகக் குடிக்கும் கடை. ஆகவே புது மாதம் அவருக்குச் சம்பள நாளில்தான் பிறக்கும். சித்தியவானில் கல் கொட்டிய கையோடு டவுனுக்குள் போய், அடுத்த மாதத்துக்கு வேண்டிய சாமானை வாங்கிவிடுவார். அதை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கடையைத் தாண்டுவார்.

லாரிக்குள் என்ன செய்ய முடியுமோ அதைத்தான் எடுக்க முடியும். ஒரு மாதம் மவுத் ஆர்கன். அந்த மாதம் நான் எப்படி வண்டி ஓட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒரு மாதம் பென்சிலும் தாளும் வைத்து மலைகளை வரைந்தார். ஈப்போவைச் சுற்றி இருக்கும் சுண்ணாம்பு மலைகள் எல்லாம் அவர் தாளில் உட்கார்ந்த மாடுகளாக மாறின. ஒரு மாதம் கொக்கி ஊசியும் நூல் உருண்டையும் வாங்கி வந்தார். குவாரி வரிசையில் மற்ற டிரைவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "என்னண்ணே, மாசமா இருக்கீங்களா? யாருக்குத் தொப்பி?" என்று ஒருவன் கேட்டான். "உன் மண்டைக்குத்தான். உள்ள ஒண்ணும் இல்லயே, குளிரும்லா" என்றார் அண்ணன், கண்ணை ஊசியிலிருந்து எடுக்காமலே. அந்தத் தொப்பி யார் தலைக்கும் பொருந்தவில்லை. கியர் கம்பியின் குமிழுக்குப் போட்டுவிட்டோம்.

எதையும் அவர் நன்றாகக் கற்றுக்கொண்டார் என்று சொல்ல முடியாது. மாதம் முடிந்ததும் நிறுத்திவிடுவார். எனக்கு அது வீணாகத் தெரிந்தது. அவர் கணக்கு வேறு என்பது பிறகுதான் புரிந்தது. குடிக்காமல் ஒரு மாதம் போயிற்று, அவ்வளவுதான்.

பத்தாவது மாதம் கண்டனீஸ் என்ற சீன மொழி பேசப் பழகினார். லகாட்டில் எங்களுக்கு டயர் மாற்றும் சீனர்தான் வாத்தியார். நாள் முழுக்க வண்டிக்குள் அண்ணன் எதையோ பாடுவது போல் சொல்லிக்கொண்டே வருவார். சம்பள நாளன்று சித்தியவானில் பரீட்சை. நாங்கள் வழக்கமாகக் காப்பி குடிக்கும் கடையில், முதலாளியம்மாவிடம் நேராகப் போய் நின்று, இரண்டு காப்பியும் முட்டை ரொட்டியும் வேண்டும், உங்கள் உடம்பு எப்படி, வியாபாரம் எப்படி என்று ஒரே மூச்சில் கண்டனீஸில் கேட்டார். அந்த அம்மா வாயைப் பிளந்து பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி யாரிடமோ வேறு ஏதோ சொன்னார். கடையே சிரித்தது. "அபாங், சக்காப் மெலாயு லா," அண்ணே, மலாயிலேயே பேசுங்கள் என்றார் அவர், கோபம் இல்லாமல். சித்தியவான் சீனர்கள் வீட்டில் பேசுவது பூச்சோவ் என்ற வேறொரு சீன மொழி. ஈப்போவில் பேசும் கண்டனீஸ் அந்த வயதான அம்மாவுக்குத் தெரியாது. இத்தனை வருடம் அந்த ஊருக்குப் போய்வந்த எங்கள் இருவருக்கும் இது தெரியாமல் போயிற்று.

வேறொரு நாளாக இருந்தால் அண்ணனே முதலில் சிரித்திருப்பார். அன்று காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். டவுனுக்குள் போகவில்லை, எதுவும் வாங்கவில்லை. வண்டியில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார். பிறகு, "செடி நட்டேன், பொம்பளைங்க மாதிரி பின்னினேன், ஊதினேன். எதுக்கு டிரைவரே இதெல்லாம்? நாலு பேரு சிரிக்கவா?" என்றார். லகாட் நெருங்கியது. "அந்தக் கடைகிட்ட கொஞ்சம் நிப்பாட்டுங்க, சிகரெட் வாங்கணும்" என்றார்.

அவர் சிகரெட் பிடிக்கமாட்டார்.

நான் யாரிடமும் முடியாது என்று சொல்லிப் பழகாதவன். கை சிக்னலைப் போட்டுவிட்டது. வண்டி ஓரம் கட்டத் தொடங்கியது. கடையின் விளக்கும் வெளியே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிகளும் தெரிந்தன. அப்போதுதான், மனைவியிடம்கூடச் சொல்லாத ஒன்று என் வாயிலிருந்து வந்தது.

"அண்ணே, எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது."

"என்னது?"

"சைக்கிள்ணே. சின்னதுலேருந்தே தெரியாது."

அவர் என்னைப் பார்த்தார். நான் பிடித்திருந்த ஸ்டீயரிங்கைப் பார்த்தார். "பத்துச் சக்கரம் ஓட்டுறீங்க."

"இதுல விழமாட்டோம்லா."

"அப்ப மோட்டார் சைக்கிளு? அதான் உங்க சம்சாரம் தெனமும் பின்னால ஏத்திக் கொண்டாந்து விடுதா?"

"இடுப்பு வலின்னு சொல்லி வச்சிருக்கேன்."

"எத்தன வருஷமா?"

"கல்யாணத்துலேருந்து."

முதலில் அவர் தோள்தான் குலுங்கியது. பிறகு டேஷ்போர்டில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தார். மூச்சு வாங்கி, கண்ணைத் துடைத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி சிரித்தார். நான் சிக்னலை அணைத்தேன். அவர் நிமிர்ந்தபோது கடை பின்னால் போயிருந்தது. "இந்த மாசம் என்னன்னு தெரிஞ்சிருச்சு" என்றார்.

தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பையன்கள் எல்லாரும் பெரியவர்களின் சைக்கிளில் விழுந்து எழுந்துதான் கற்றுக்கொண்டார்கள். நான் விழுவதை நாலு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சத்தில் ஒதுங்கியே நின்றேன். நாற்பதைத் தாண்டிய பிறகு அந்த நாலு பேர் நாற்பது பேர் ஆனார்கள். அன்று மாலையே அண்ணன் லகாட்டில் பழைய சாமான் கடையில், முன்னால் கூடை வைத்த பெண்கள் சைக்கிள் ஒன்றை வாங்கிவிட்டார். வேலை முடிந்ததும் எங்கள் குடியிருப்புக்கு எதிரே உள்ள திடலில் பயிற்சி. அவர் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவருவார், நான் சாய்வேன், இருவரும் புல்லில் கிடப்போம். பக்கத்து வீட்டு அக்காமார் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். என் மனைவி இடுப்பில் கை வைத்து நின்று, "இப்ப இடுப்பு எப்படிங்க இருக்கு? தைலம் கொண்டாரவா?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள். வெட்கத்தில் செத்துவிடுவேன் என்று நினைத்தேன். சாகவில்லை. மாதக் கடைசியில் திடலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்விட்டேன். திரும்பத் தெரியாததால் இறங்கி உருட்டிக்கொண்டு வந்தேன்.

அந்த ஒரு பொழுதுபோக்கை மட்டும் அண்ணன் மாதத்தோடு நிறுத்தவில்லை. "திரும்பத் தெரியாத ஆள எப்படி விட்டுட்டுப் போறது" என்று அடுத்த மாதத்தையும் அதிலேயே கழித்தார். வருடம் முடிந்தது. ஆனால் அவர் மகள் வீட்டுக்குப் போகவில்லை. சந்து வந்தால் முன்போலவே மலையைப் பார்த்தார். நான் கேட்கவில்லை. அவர் பயம் எனக்குத் தெரியும், என் பயமும் அதே சாதிதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சைக்கிளோடு அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். "சிம்பாங் பூலாய் வரைக்கும் ஓட்டிப் பாக்கணும்ணே. தனியாப் போக பயமா இருக்கு" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு பக்கத்து வீட்டில் ஒரு சைக்கிளைக் கேட்டு வாங்கி வந்தார். பெரிய ரோட்டை விட்டு உள்ரோடுகளில் போனோம். வழியில் இரண்டு முறை விழுந்தேன், ஒரு முறை அவர் மேலேயே. அந்தச் சந்து வந்ததும் அவர் கால் நின்றுவிட்டது. எனக்கு இன்னும் நன்றாக நிறுத்தத் தெரியாததால், நான் நேராகப் போய் அந்த வீட்டுக் கேட்டில் மோதித்தான் நின்றேன்.

சத்தம் கேட்டு மகள் வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள், பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த அப்பாவைப் பார்த்தாள். அவர் பக்கத்தில் போய் நின்று, மூச்சை உள்ளே இழுத்தாள். குடிக்கிற வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது பழக்கம். அப்பா கள்ளுக்கடையிலிருந்து வரும்போது என் தங்கையும் அப்படித்தான் நிற்பாள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

"வேர்வ நாத்தம் தாங்கல" என்றாள் மகள். "உள்ள துண்டு இருக்கு. போயி குளிச்சிட்டு வாங்கப்பா, சாப்பிடலாம்." பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்களும்தான்" என்றாள்.

இப்போது லாரியில் அவர் இடத்தில் வேறொருவர் உட்கார்கிறார். நல்ல மனிதர், காதில் போனை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டபடி வருவார். அண்ணன் தன் மகள் வீட்டோடு இருக்கிறார். மாதத்துக்கு ஒன்று என்ற வழக்கத்தை எப்போதோ விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "தேவப்படல டிரைவரே" என்றார். நான்தான் அதைப் பிடித்துக்கொண்டேன். போன மாதம் மனைவியிடம் மோட்டார் சைக்கிள் பழகினேன். அவள் அண்ணனைப்போலப் பொறுமைசாலி இல்லை. இந்த மாதம் எழுதிப் பார்க்கிறேன். நேற்று இதை எடுத்துக்கொண்டு போய் அவருக்குப் படித்துக் காட்டினேன். கண்டனீஸ் வந்த இடத்தில் அவரே முதலில் சிரித்தார். முழுவதும் கேட்டுவிட்டு, "எம்பேரு எங்க? ஒரு எடத்துலயும் காணோமே" என்றார்.

குடியைப் பற்றியெல்லாம் எழுதியிருப்பதால் போடவில்லை என்றேன்.

"போடலாம்லா" என்றார் அண்ணன். "இனிமே என்ன?"

வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்தேன். இத்தனை வருடம் அண்ணன் என்றே கூப்பிட்டவரின் பேரை எழுத எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.