மயில் கத்தும் தீவில் மார்க்

தோணியில் ஊறிக் கிடக்கும் தண்ணீரை, பாதியாக வெட்டிய எண்ணெய்க் கேனால் அள்ளிக்கொண்டே அவன் சத்தமாகப் பேசுவான். கேட்பவை நீர்க்காகங்கள் மட்டும். பேசுவது ஆங்கிலம். "காற்று பலமாக இருப்பதால் மாலைப் படகு தாமதமாகும், தயவுசெய்து பொறுத்திருங்கள்." ஒரு கேன் தண்ணீருக்கு ஒரு வாக்கியம். நடுவில் சொல் தடங்கினால் கேன் அந்தரத்திலேயே நிற்கும். வாக்கியம் முடிந்த பிறகுதான் தண்ணீர் வெளியே விழும். சில நாட்களில் தோணி காயும்போது வெயில் நன்றாக ஏறிவிடும்.

என் தம்பி அஜந்தன் வென்றவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினொராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சையை வென்றான், மூன்றாவது முறையில். கண்டி மஹய்யாவையில் எங்கள் வீட்டில் மேசை என்று ஒன்று இல்லாத காலம் அது. என் தையல் மெஷினின் மூடிப் பலகைதான் அவனுக்கு மேசை. ஆங்கிலத்தை வென்றான். கற்றுக் கொடுத்தவை ஒரு பழைய ரேடியோவும், பேராதனைப் பூங்காவில் வழி கேட்கும் வெள்ளைக்காரர்களும். நீச்சலை வென்றான். கண்டிக் குளத்தைச் சுற்றி நடந்தே வளர்ந்த எங்கள் குடும்பத்தில் வேறு எவருக்கும் நீந்தத் தெரியாது. மாநகர சபையில் தெருக்கூட்டிய எங்கள் அப்பா அவனுக்கும் அங்கேயே ஓரிடம் பேசி வைத்திருந்தார். அதை மறுத்து, அப்பாவின் கோபத்தையும் வென்றான். கடைசியாக, குரங்குகளிடமிருந்து ஒரு கூரையை வென்றான்.

வெல்லாதது ஒன்று இருந்தது. அவனுடைய பெயர்.

அவனுக்குத் திக்குவாய். மற்றச் சொற்களில் கொஞ்சம் இடறும், அவ்வளவுதான். பெயரைக் கேட்டால் மட்டும் அடைத்துக்கொள்ளும். வாயைத் திறந்தாலே வந்துவிடும் எழுத்து 'அ' என்பார்கள். அவன் வாய் திறந்திருக்கும், கழுத்து நரம்பு புடைத்திருக்கும், சத்தம் மட்டும் வராது. பள்ளிக்கூடத்தில் இடாப்புப் பதியும்போது, அவரவர் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில், கையை மட்டும் தூக்கி அடி வாங்கினான். ஆஸ்பத்திரியில், கிராம சேவகரிடம், புது வகுப்பில் சேரும்போது என்று எங்கே போனாலும் அவனுக்குப் பத்து வயது மூத்த நான் பக்கத்தில் நின்று "அஜந்தன்" என்று சொல்லிவிடுவேன். வேலைக்கான நேர்முகப் பரீட்சைகளுக்கு அக்காவைக் கூட்டிப் போக முடியாதே. "உங்கள் பெயர்?" என்ற முதல் கேள்வியோடு எல்லாம் முடிந்துவிடும்.

ஒரு நிறுவனம் மட்டும் எழுத்தில் கேட்டது, எழுத்தில் பதில் வாங்கியது, எழுத்திலேயே வேலை கொடுத்தது. உலகப் படத்தின் அடியில், நியூசிலாந்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தீவு. அதற்குப் போய்வரும் பயணிகள் படகைப் பற்றி ஆட்கள் கணினியில் எழுதிக் கேட்பார்கள். இவன் எழுதிப் பதில் சொல்ல வேண்டும். படகு வருமா, நாயைக் கூட்டிப் போகலாமா, கோழித் தீவனம் ஏற்றுவீர்களா. கொழும்பில் இருக்கும் மேற்பார்வையாளர் சப்னா முதல் நாளே இவனுக்கு 'மார்க்' என்று பெயர் வைத்துவிட்டாள். அங்கே உள்ளவர்கள் வாயில் நுழையும் பெயராக இருக்க வேண்டுமாம்.

அந்த வேலையைச் செய்ய அவன் போய் உட்கார்ந்த இடமும் ஒரு தீவுதான். திகனைப் பக்கம், விக்டோரியா நீர்த்தேக்கத்தின் நடுவில், தண்ணீருக்கு மேலே தலை நீட்டும் ஒரு குன்றின் உச்சி. பறவை ஆராய்ச்சிக்காரர்கள் சிலர் அங்கே இரண்டு அறையில் ஒரு சின்ன வீடு கட்டியிருக்கிறார்கள். அவர்கள் வருவது எப்போதாவது. மற்ற நாட்களில் குரங்குகள் கூரையைப் பிடித்துக்கொள்ளும், காவலுக்கு ஆள் வேண்டும் என்றார்கள். சம்பளம் இல்லை, வாடகையும் இல்லை. எதிர் மலையில் டெலிபோன் கோபுரம் இருப்பதால் சிக்னல் கண்டி டவுனை விட நன்றாக எடுக்கும். அங்கே போகக் காரணம் கேட்டவர்களுக்கு அவன் சொன்ன பதில் இது: "அங்க யாரும் பேர் கேக்க மாட்டாங்க."

நான் மாதத்துக்கு ஒரு ஞாயிறு போவேன். கரையில் நின்று குடையை விரித்தால் அவனுக்கு விளங்கும், தோணி வரும். வீட்டுக்குள் போனால் எல்லாம் தொங்கும். அரிசி கூரையிலிருந்து தொங்கும், குரங்குக்காக. கருவாடு அதைவிட உயரத்தில் தொங்கும், கபரகொய்யாவுக்காக. ஆள் நீளத்துக்கு வளரும் அந்தப் பெரிய உடும்பு, விருந்தாளி மாதிரி வாசல் வழியாகவே உள்ளே வரும். இவன் வீடு கூட்டும் தும்புத்தடியைத் தரையில் தட்டி, "போங்க சார், டியூட்டி நேரம்" என்பான். அதுவும் போகும். இன்டர்நெட் டொங்கல் மூங்கில் கம்பின் நுனியில், மழை படாமல் தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்துக்கொண்டு தொங்கும். விடியலில் இருவாய்ச்சி ஜோடி நாவல் மரத்துக்கு வரும்போது அவன் வேலையைத் தொடங்கியிருப்பான். பின்னேரம் வௌவால்கள் கிளம்பும்போது குளித்து முடித்து, பிளேன்டீயும் கித்துள் கருப்பட்டியுமாகப் படியில் உட்கார்ந்திருப்பான். அவன் முகத்தில் அந்த நேரத்தில் இருக்கும் நிறைவை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அவனிடம் ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. அந்தத் தூரத்துத் தீவிலிருந்து யாராவது "இன்று படகு வருமா?" என்று கேட்டால், பதில் எழுதுவதற்கு முன் ஜன்னலுக்கு வந்து இங்குள்ள தண்ணீரைப் பார்ப்பான். "அந்தத் தண்ணிக்கும் இந்தத் தண்ணிக்கும் என்னடா சம்பந்தம்?" என்று கேட்டேன். "சம்பந்தம் இல்லதான். பாக்காம எப்பிடிக்கா சொல்றது?" என்றான்.

ஒரு தீபாவளிக்கு அவனுக்குச் சட்டை தைத்து, பெயரையும் விலாசத்தையும் கொட்டை எழுத்தில் எழுதி, கரையில் இருக்கும் நிஸாம் நானாவின் கடைக்குப் பார்சல் அனுப்பினேன். அது திரும்பி வந்துவிட்டது. கடைக்கு டெலிபோன் எடுத்தேன்.

"அப்பிடி ஒரு ஆள் இந்தப் பக்கமே இல்ல தங்கச்சி. தீவுல ஈக்கிறது எங்கட சுரேஸ் மட்டும்தான்," என்றார் நிஸாம் நானா.

"அந்த சுரேஸ்தான் நானா, அஜந்தன்."

"அப்ப சுரேஸ் யாரு?"

தம்பியிடம் கேட்டேன். இரண்டு வருடமாக அந்தக் கடையில் அவன் சுரேஸ்தானாம். "சுரேஸ்னா சுகமா வருதுக்கா. கடையில பின்னால ஆளுங்க நிப்பாங்க, சாமான் வாங்கணும்ல," என்றான். அந்தச் சட்டையை அடுத்த மாதம் நானே கொண்டு போனேன். நிஸாம் நானா என்னைப் பார்த்ததும், "ரெண்டு தம்பிமாருக்கும் சேத்து ஒரு சட்டயா?" என்று கேட்டுச் சிரித்தார்.

போன வருடத்திலும் ஒன்று நடந்தது. விரும்பியவர்கள் இனித் தங்கள் சொந்தப் பெயரிலேயே பதில் எழுதலாம் என்று சப்னா எல்லாருக்கும் அறிவித்தாள். மற்றவர்கள் அன்றைக்கே மாறிவிட்டார்கள். எமிலி றிஸானா ஆனாள். டொம் என்பவன் யாரோ ஒரு ஜெயராஜ் என்று தெரிய வந்தது. என் தம்பி மட்டும் மார்க்காகவே இருந்தான்.

"உனக்கென்னடா? எழுதத்தானே போற, சொல்லவா போற?" என்றேன்.

கருவாட்டைப் பிய்த்துக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை. "பேர எழுதிட்டா, பெறகு ஒரு நாள் கேப்பாங்கக்கா. கேட்டா சொல்லணும். மார்க் மக்கர் பண்ண மாட்டான்."

அது உண்மை. மார்க் என்று சொல்லிப் பேசும்போது அவனுக்குத் திக்குவதே இல்லை. சப்னாவோடு ஆங்கிலத்தில் பேசும் மார்க்கைக் கேட்டால் வேறொரு ஆள் என்றுதான் நினைப்பீர்கள். சந்தோஷமாகத்தான் இருந்தான். ஆனால் அந்தச் சந்தோஷத்தை மார்க் இரவல் கொடுத்திருந்தான். எப்போது திருப்பிக் கேட்பானோ என்ற யோசனை அவன் கண்ணில் எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட்டில் நீர்த்தேக்கம் வற்றும். ஒரு பக்கத்தில் சேறு மேலே வந்து, தீவு கரையோடு ஒட்டிக்கொள்ளும். நான் சொல்லப்போகும் ஞாயிறன்று, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்தே போய்விட்டேன். எனக்கு முன்னால் ஒரு மாடும் போனது.

"பாருக்கா, தீவு கரையேறிருச்சு," என்றான் அவன், மகளைக் கட்டிக் கொடுத்த தகப்பன் மாதிரி. "தீவுன்னு சொல்லித்தானே இங்க வந்தேன். இப்ப மாடெல்லாம் நடந்து வருது."

அன்று அந்தத் தூரத்துத் தீவில் பெரும் புயல். படகு நிறுத்தப்பட்டது. அதோடு கணினியில் ஆட்கள் எழுதிக் கேட்கும் வசதியும் பழுதாகிவிட்டது. பயணிகள் காற்றில் துறைமுகத்துக்குக் கிளம்பி வராமல் தடுக்க வேண்டும், ஒவ்வொருவரையும் டெலிபோனில் கூப்பிட்டுச் சொல்லுங்கள் என்று சப்னா வேலை செய்பவர்கள் எல்லாருக்கும் பயணிகளைப் பிரித்துக் கொடுத்தாள். இவனுடைய ஹெட்செட்டை முந்தின வாரம் குரங்கு கடித்துவிட்டிருந்ததால், பேச்சு முழுவதும் வெளியே கேட்டது. என்னுடைய ஆங்கிலம் கொஞ்சம்தான். நான் விளங்கிக்கொண்டதோடு அவன் பிறகு சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

"மார்க் பேசுகிறேன், இன்று படகு இல்லை." எல்லாருக்கும் வழுக்கிக்கொண்டு சொன்னான். கடைசியில் மிஞ்சியவர் மொய்ரா என்ற எண்பது வயதுக் கிழவி. வாராவாரம் கோழித் தீவனம் பற்றி எழுதிக் கேட்பவர். இவனுக்கு எழுத்தில் பழகிய ஆள், குரலில் புதிது. இவன் தொடங்கும்போதே, கூரைக்கு மேலே மயில் அகவியது.

"கடவுளே! அங்கே யார் பிள்ளையை அடிப்பது?" என்றார் மொய்ரா.

"அது மயில், மேடம்."

"எங்கள் துறைமுகத்தில் மயில் கிடையாது. நீ எங்கே இருக்கிறாய், மார்க்?"

இவன் ஜன்னலைப் பார்த்தான். "நானும் ஒரு தீவில்தான் இருக்கிறேன், மேடம். இலங்கையில், கண்டிக்குப் பக்கத்தில்." சேற்றில் நின்ற மாட்டையும் பார்த்தான் போல. "பெரும்பாலான மாதங்களில் தீவு," என்று நேர்மையாகச் சேர்த்துக்கொண்டான்.

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். பிறகு அவர் கேட்டார். "மயில் கத்தும் ஊரில் எந்தத் தாயும் பிள்ளைக்கு மார்க் என்று பெயர் வைக்க மாட்டாள். உன் தாய் உன்னை எப்படிக் கூப்பிடுவாள்?"

அவன் வாய் திறந்தது. கழுத்து நரம்பு எழும்பியது. சத்தம் இல்லை.

எத்தனை வருடப் பழக்கம், என் நாக்கு தானாகப் புரண்டது. அவன் திரும்பிப் பார்க்காமலேயே உள்ளங்கையை என் பக்கம் காட்டினான். வாயை மூடிக்கொண்டேன்.

அந்தப் பக்கத்தில் காற்று ஜன்னலைப் போட்டு ஆட்டுவது கேட்டது. மொய்ரா "ஹலோ" என்று சொல்லவில்லை. "கேட்கிறதா" என்று சொல்லவில்லை. ஊகித்து ஒரு பெயரை எடுத்துக் கொடுக்கவும் இல்லை. இப்படி யாரும் அவனுக்காகப் பொறுத்திருந்து நான் பார்த்ததில்லை. கொஞ்சம் கழித்து ஒன்றே ஒன்று சொன்னார்.

"அவசரமில்லை மகனே. படகுதான் வரப்போவதில்லையே. நான் எங்கே போகப்போகிறேன்?"

இவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே ஒரு நீர்க்காகம் முங்கியது. எழும்பி, தலையை உதறி, மறுபடியும் முங்கியது. அவன் கை, கேனைப் பிடிப்பது போல அந்தரத்தில் நின்றது.

"அ..." என்று வந்தது. நின்றது. பிறகு மீதி முழுவதும் ஒரே மூச்சில் வெளியே கொட்டியது. "அஜந்தன்!"

"நல்லது," என்றார் மொய்ரா. "இன்னொரு முறை சொல். நான் சரியாகச் சொல்லப் பழக வேண்டும்."

இன்னொரு முறை சொன்னான். அப்போதும் தடங்கியது. அப்போதும் அவர் காத்திருந்தார். பிறகு அவர் சொல்லிப் பார்த்தார். மூன்று தரமும் பிழை. இவன் பொறுமையாக, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி, ஒவ்வொரு தரமும் திருத்தினான். கூரை மேலே மயில் சும்மா இருக்கவில்லை.

சாப்பிட்டு முடிக்கும்போது கணினி சரியாகிவிட்டது. மொய்ரா எழுதியிருந்தார், தீவனம் எப்போது வரும் என்று. அவன் கைகழுவிவிட்டு வந்து, ஜன்னலில் நின்று தண்ணீரைப் பார்த்தான். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எழுதினான். காற்றுத் தணிந்தால் நாளைக் காலைப் படகு புறப்படும், தீவனம் அதில் வரும். அடியில் மார்க் என்று தானாகவே வந்து நின்றது. அதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தான். ஈரம் காயாத ஒரே விரலால், ஆங்கில எழுத்தில், ஒவ்வொன்றையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துத் தட்டினான். அஜந்தன்.

அன்று 2024 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை.