தண்ணி வந்துடுச்சாண்ணே என்று கேட்டு வாங்கிய பாஸ்வேர்டு

சென்னையில் நான் பார்த்த வேலையை வீட்டில் சொல்லிப் புரியவைக்க முடிந்ததே இல்லை. "கம்ப்யூட்டருக்குப் பூட்டுப் போடுற வேலை" என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. எண்ணெய்க் கிணறு, எரிவாயு நிலையம் போன்ற இடங்களில் வால்வைத் திறப்பதும் மூடுவதும் இப்போது கம்ப்யூட்டர்தான். எவனாவது அதற்குள் புகுந்துவிட்டால், எங்கேயோ உட்கார்ந்துகொண்டு இங்கே குழாயில் அழுத்தத்தை ஏற்றிவிடலாம். அப்படிப் புக முடிகிறதா என்று நாங்களே திருடனைப்போல முயன்று பார்ப்போம். நிர்வாகத்தின் சம்மதத்தோடு நடக்கிற திருட்டு.

ஒரு முறை அப்படிச் சோதிக்க வந்தது எங்கள் ஊர்ப்பக்கம், காவிரி டெல்டாவிலேயே, வயலுக்கு நடுவில் இருக்கிற ஒரு எரிவாயு நிலையம். கூட வேலை பார்த்தவர்கள் இணையம் வழியாக முட்டி மோதிப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. "நீ அந்த ஊர்க்காரிதானே, போன் பண்ணிப் பேசிப் பாரேன்" என்றார் மேலதிகாரி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சீ, வெட்கங்கெட்ட பெருமை!

போனை எடுத்தவர் கட்டுப்பாட்டு அறை ஆபரேட்டர். வயசான குரல். "சென்னை ஆபீஸ்லேர்ந்து பேசுறேங்க" என்றேன். "எந்த ஆபீஸும்மா?" என்று உஷாராகத்தான் இழுத்தார். நான் விடுவேனா?

"நான் திருப்பனந்தாள் பக்கம்தாண்ணே. உங்க பக்கம் தண்ணி வந்துடுச்சாண்ணே?"

அவ்வளவுதான். குறுவை நடவுக்கு ஆற்றுத் தண்ணீரை எதிர்பார்த்திருக்கும் நேரத்தில் எங்கள் பக்கத்து மனுஷரிடம் இதைக் கேட்டுவிட்டால், அதற்குமேல் நீ யார் என்று கேட்கமாட்டார். "எங்கேம்மா வந்துச்சு? வாய்க்கால் தலைப்போட நிக்கிது, நாத்தங்கால்ல நாத்து காயுது" என்று ஆரம்பித்துவிட்டார். அப்பாவை நாங்கள் அத்தா என்போம்; அத்தா குவைத்தில் இருந்ததைச் சொன்னேன். அவரும் அங்கே எண்ணெய் வயலில் கிடந்துவிட்டு வந்தவராம். இங்கே ஒப்பந்த வேலைதானாம். "அத்தா நல்லா இருக்காங்களா?" என்று விசாரித்தார். சர்க்கரை இருப்பதைச் சொன்னேன். ஊரைப் பற்றியும் அத்தாவைப் பற்றியும் நான் சொன்னது அத்தனையும் நிஜம். அதுதான் அசிங்கம்.

"பாஸ்வேர்டு மாத்தணும்ணே. பழசு என்னன்னு சொல்றீங்களா?"

"எழுதிக்கம்மா" என்று எழுத்து எழுத்தாகச் சொன்னார்.

அடுத்த வாரம் தஞ்சாவூரில் கூட்டம் போட்டு, நிலையத்து ஆட்களையெல்லாம் உட்காரவைத்து, நாங்கள் பதிவுசெய்து வைத்திருந்த அந்தப் பேச்சை எங்கள் ஆபீஸ்காரர்கள் போட்டுக் காட்டினார்கள். பெயரை மறைக்கச் சொல்லியிருந்தேன். பெயரை மறைத்துவிட்டார்கள், குரலை யார் மறைப்பது? நாத்தங்கால் என்று வந்ததும் அறையே சிரித்தது. ஒரே ஒருவர் மட்டும் சிரிக்காமல், ஒலிபெருக்கியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது எனக்கு.

வெளியே வந்ததும் நிலைய அதிகாரி, "இந்த ஆளை அனுப்பிட வேண்டியதுதான்" என்றார். "எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு குடுத்து வச்சிருக்கீங்க. பேசுறது யாருன்னு பாக்க ஒரு வழியும் இல்ல. தப்பு அங்க இருக்கு சார், அவர்கிட்ட இல்ல" என்று சண்டைக்கே போனேன். "பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மதியம் அவர்களுக்குப் பயிற்சி நடத்தியதும் நானேதான். அந்த மனுஷர் கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பக்கத்தில் போய் ஒரு வார்த்தை பேச எனக்குத் தைரியம் இல்லை.

அவர் வேலை இருக்கிறதா, போய்விட்டதா என்று தெரியாமல் சென்னையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் அதே நம்பருக்குப் போன் செய்தேன். அவரேதான் எடுத்தார். அப்பாடா என்று அழுகையே வந்துவிட்டது.

"அண்ணே, நான்தாண்ணே. வேலைக்கு ஒண்ணும் ஆகலயேண்ணே? என்னை மன்னிச்சிடுங்கண்ணே."

அவர் எழுதிவைத்ததை வாசிப்பதுபோலச் சொன்னார்: "உங்க பேரு, அடையாள எண் ரெண்டையும் சொல்லுங்க. சரிபார்த்துட்டு நாங்களே உங்களைத் திரும்பக் கூப்பிடுறோங்க."

பயிற்சியில் நான் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள். ஒரு எழுத்து பிசகவில்லை. பேரைச் சொன்னேன், எண்ணைச் சொன்னேன். "நன்றிங்க" என்று வைத்துவிட்டார்.

கூப்பிடவே இல்லை.