ஸ்டெல்லாவின் மூன்று சூனியக்காரிகள்

ஸ்டெல்லா போய்விட்டாள். இன்று காலை ஆறரைக்கு, ஆஸ்பத்திரியில். அவள் தங்கை போன் செய்து சொன்னாள்.

எழுதலாமா வேண்டாமா என்று மத்தியானம் வரை யோசித்தேன்... எழுதாமல் விட்டால் அவளே திட்டுவாள்.

அவளைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பினாங்கில், பட்டர்வொர்த் பக்கத்து மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் நானும் அவளும் பதினோரு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசை. காலையில் ஒரே ஃபெரியில் கடல் தாண்டிப் பட்டர்வொர்த் போவோம், சாயங்காலம் ஒரே ஃபெரியில் ஜார்ஜ் டவுன் திரும்புவோம்.

அந்த ஃபெரியில்தான் அவள் நாவல் எழுதினாள். போனில், ஒற்றைக் கட்டைவிரலால்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள், எங்களுக்கு எதிரே இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தைச் சேர்ந்து வாசித்துக்கொண்டு வந்தார்கள். என்ன கதை என்று ஸ்டெல்லா கேட்டாள். சூனியக்காரிகள், மந்திரக்காடு என்றார்கள். தமிழில் இந்த மாதிரி வாசிக்க மாட்டீர்களா என்று கேட்டதற்கு, "தமிழ்ல கடைசி பக்கத்துல அட்வைஸ் வந்திரும், ஆன்ட்டி" என்றாள் ஒருத்தி.

மறுநாள் காலை நான் ஃபெரி ஏறும் ஜெட்டிக்கு வருவதற்குள் முதல் பக்கம் என் வாட்ஸ்அப்பில் இருந்தது.

பினாங்கின் கொடிமலைக்குப் பின்னால் ஒரு காடு. உள்ளே நின்று பொய் சொன்னால் பாதை மூடிக்கொள்ளும். காவலுக்கு மூன்று சூனியக்காரிகள். காணாமல் போன அக்காவைத் தேடி, அடுக்குமாடி வீட்டுப் பெண் ரோசி அந்தக் காட்டுக்குள் போகிறாள். பதினைந்து வயது... பயந்தவள், ஆனால் திரும்பிப் போகாதவள்.

நான் வாசித்து எழுத்துப்பிழை பார்ப்பேன். அவ்வளவுதான் என் வேலை. கதையில் கை வைக்க விடமாட்டாள்.

விஷயம் வெளியே தெரிந்ததும் சும்மா விட்டார்களா? கத்தோலிக்கப் பெண் சூனியக்காரி கதை எழுதலாமா என்று ஜெபக் குழுவிலிருந்து ஓர் அம்மா வீட்டுக்கே வந்து கேட்டார். ஸ்டெல்லா சண்டை போடவில்லை. டீ கொடுத்து, முதல் மூன்று அத்தியாயங்களைப் பிரின்ட் எடுத்துக் கையில் கொடுத்து அனுப்பினாள்.

பத்து நாள் கழித்து அந்த அம்மாவின் மகள் நாலாவது அத்தியாயம் கேட்டு மெசேஜ் போட்டாள். அம்மாவும் வாசித்தாராம். பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே வாசித்தாராம்.

கோலாலம்பூரில் ஒரு பதிப்பாளர் எழுதியவரை வாசித்துவிட்டு, புத்தகமாகப் போட ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை. சூனியக்காரிகளைத் தேவதைகளாக மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பெற்றோர் வாங்க மாட்டார்கள் என்றார்.

மாற்றினால் என்ன என்று நான்கூடக் கேட்டேன். இத்தனை நாள் உழைப்பு...

"தேவதைய எல்லாருக்கும் பிடிக்கும்லா. இவங்கள யாருக்கும் பிடிக்காது. அதான் காட்டுல இருக்காங்க. அத மாத்திட்டா என்ன கதை இருக்கு?"

பதிப்பாளருக்கு மரியாதையாக நன்றி சொல்லி விலகிவிட்டாள்.

போன ஈஸ்டர் முடிந்து இரண்டு வாரத்தில் வயிற்றில் கட்டி என்றார்கள். பரவிவிட்டது என்றார்கள். இதையும் ஃபெரியில்தான் சொன்னாள், இரண்டே வாக்கியத்தில். நான் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் அடுத்து கேட்டது, பதினெட்டாவது அத்தியாயம் வாசித்தாயா என்று.

இன்னும் நாலு அத்தியாயம் இருந்தது. முடிக்காமல் போகமாட்டேன் என்றாள்.

போனைப் பிடிக்க விரலில் தெம்பு இல்லாமல் போனதும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி வாய்ஸ் மெசேஜ் அனுப்ப ஆரம்பித்தாள். பாதி வாக்கியத்தில் மூச்சு வாங்கும். பின்னால் தள்ளுவண்டிச் சத்தம் கேட்கும். நிறுத்தி, தண்ணீர் குடித்து, விட்ட இடத்திலிருந்து சரியாகத் தொடங்குவாள். வேலை முடிந்து வந்து நான் டைப் செய்வேன்.

கடைசி அத்தியாயத்தில் மூத்த சூனியக்காரி செம்பா, ரோசியும் அக்காவும் வெளியேறும்வரை பாதையைத் தன் உயிரைக் கொடுத்துத் திறந்து வைக்கிறாள். அங்கேயே செத்துப்போகிறாள்.

அதை டைப் செய்ய எனக்கு மனம் வரவில்லை... செம்பாவுக்குக் காயம் மட்டும் பட்டதாக மாற்றிவிட்டேன்.

போன வியாழக்கிழமை கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும் கண்ணைத் திறந்தாள்.

"நான் இப்படி சொல்லலியே."

இப்படி இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன் என்றேன்.

"என்னைக் காப்பாத்த முடியலேன்னு அவள காப்பாத்துறியா, நூரு? நான் சொன்னபடி போடு. நான் இருக்கும்போதே போடு."

அங்கேயே, போனிலேயே திருத்தினேன். எழுத்து தெரியாமல் கண்ணீர் மறைத்தது. ‘மறைந்தாள்’ என்று எழுதியிருந்தேன். அதையும் விடவில்லை. ‘செத்தாள்’ என்று போடச் சொன்னாள். இரண்டு தடவை வாசிக்க வைத்தாள்.

பிறகு என் கையில் தட்டிக்கொடுத்துவிட்டுத் தூங்கிவிட்டாள்.

மறுநாளே சூலியா தெருவில் ஓர் அச்சகத்தில் கொடுத்துவிட்டேன். யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம், நாமே போடலாம் என்று முன்பே அவள் முடிவு செய்திருந்தாள்.

இன்று மத்தியானம் அச்சகக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். வேலையை நிறுத்தி வைக்கவா என்று மெதுவாகக் கேட்டார்.

"நிறுத்தாதீங்கண்ணே. இன்னைக்கே ஓட்டுங்க."

அட்டையில் ‘சூனியக்காரிகள்’ என்ற சொல் இருக்கும். பெரிய எழுத்தில். ஒரு வரிகூட மாறாது.

உடல் இன்று முழுக்க அவள் தங்கை வீட்டில் இருக்கும். நாளை காலை பத்து மணிக்குப் பூசை, அவள் வழக்கமாகப் போகும் மாதா கோயிலில். பழைய பேக்கிங் ஆட்கள் எல்லாரும் வாருங்கள்.

போய் வா, ஸ்டெல்லா. முதல் பிரதியைக் கல்லறைக்குக் கொண்டுவந்து முழுதும் வாசித்துக் காட்டுகிறேன்.